யாரைப் பார்த்தார்கள்?

புல்வெளியில் ஒரு பபூன் கூட்டம். ஆய்வாளரின் கண் எங்கே போகும்? பல்லைக் காட்டிச் சண்டையிடும் பெரிய ஆணிடம்தான். ஓரமாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும் இரண்டு பெண் குரங்குகளிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? 1960கள் வரை வந்த பபூன் ஆய்வுகள் பலவற்றில் சமூகம் என்றாலே ஆண்களின் அதிகாரப் படிநிலைதான். பெண்கள் குட்டியோடு பின்னணியில் இருந்தார்கள்.

ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரையை நான் ஒரு பெண்ணியப் பிரதியாகவே வாசிக்கிறேன். பார்க்க வறண்ட முறையியல் கட்டுரைதான். அது வலியுறுத்தும் முறை எளிது: எந்த விலங்கைக் கவனிப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். அது சும்மா இருந்தாலும் குறித்த நேரம் முழுக்க அதையே பாருங்கள். பிறகு அடுத்ததற்குப் போங்கள். சத்தம் போடுபவருக்குக் கூடுதல் நிமிடம் கிடையாது! கென்யாவின் அம்போசெலியில் இப்படிப் பார்த்தபோதுதான், குட்டியைச் சுமந்தபடியே நடந்து, இரை தேடி, உறவையும் பேணும் தாய்க் குரங்கின் முழு நாளும் பதிவானது. 2003இல் ஜோன் சில்க், சூசன் ஆல்பர்ட்ஸ், ஆல்ட்மன் மூவரும் அங்கு சேர்ந்த 16 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மற்றவர்களோடு அதிகம் பழகிய பெண்களின் குட்டிகளே கூடுதலாகப் பிழைத்திருந்தன. தாயின் படிநிலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைத் தாண்டியும் இது உண்மையாக இருந்தது. அந்தப் பேன் பார்த்தல் வெறும் பொழுதுபோக்கு அல்ல.

குரங்குகளின் மூளை ஏன் பெரிதானது? கூட்டு வாழ்க்கையின் சிக்கலால் என்பது ஒரு முக்கியமான விளக்கம். ஆனால் 1988இல் பைர்னும் வைட்டனும் அதைப் பற்றித் தொகுத்த நூலுக்கு வைத்த பெயர் 'மாக்கியவெல்லி அறிவு'. சமூக அறிவு என்றதும் அரசவைச் சூழ்ச்சிதான் நினைவுக்கு வர வேண்டுமா? அதே அம்போசெலியில் செனியும் செய்ஃபார்த்தும் மறைத்துவைத்த ஒலிபெருக்கியில் ஒரு வெர்வெட் குட்டியின் அலறலை ஒலிக்கவிட்டார்கள். மற்றப் பெண் குரங்குகள் அந்தக் குட்டியின் தாயைத் திரும்பிப் பார்த்தன. யாருடைய குட்டி எது என்று அவை அறிந்திருந்தன. இதுவும் மூளையின் வேலைதான், இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. (கல்யாண வீட்டில் குழந்தை அழுதால் எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.)

சிரித்த பிறகு ஒரு பயமும் வந்தது. 'பார்த்தீர்களா, பராமரிப்பு பெண்ணின் இயற்கை' என்று இதையே நம் தலையில் கட்டுவார்கள். அவர்களுக்குத் தென் அமெரிக்காவின் டிட்டி குரங்குகளைக் காட்டலாம். அங்கே குட்டியைப் பெரும்பாலும் சுமப்பவர் அப்பா. பால் குடிக்கத்தான் அது அம்மாவிடம் போகிறது.