600 வருடம் ஓடிய விதிவிலக்கு

இஸ்லாமிய சிந்தனையில் போர், சமாதானம், வெளியுறவு பற்றி ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே ஒரு புத்தகத்தில் போய் நிற்போம். மஜீத் கத்தூரி 1955-ல் எழுதிய 'இஸ்லாமியச் சட்டத்தில் போரும் சமாதானமும்'. கத்தூரி இராக்கின் மோசூலில் பிறந்தவர். 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. உருவானபோது இராக் தூதுக்குழுவில் இருந்தவர். பிறகு அமெரிக்காவில் பேராசிரியர். சட்டமும் தெரியும், ராஜதந்திரமும் தெரியும். புத்தகத்தின் மதிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் சொல்வதன் சுருக்கம் இதுதான். பழைய சட்ட அறிஞர்கள் உலகை இரண்டாகப் பிரித்தார்கள். முஸ்லிம் ஆட்சி நடக்கும் இடம் தாருல் இஸ்லாம். மற்றது தாருல் ஹர்ப், அதாவது போர் பூமி. இரண்டுக்கும் நடுவில் இயல்பு நிலை போர்தான். சமாதானம் தற்காலிக ஏற்பாடு. 628-ல் நபிகள் மக்கா குறைஷிகளோடு செய்த ஹுதைபியா உடன்படிக்கை பத்து வருடத்துக்கானது. அதை வைத்து, பத்து வருடத்துக்கு மேல் போர்நிறுத்தம் கூடாது என்று இமாம் ஷாஃபி வரம்பு கட்டினார்.

இதில் எதுவும் இட்டுக்கட்டியது இல்லை. பழைய நூல்களில் இருக்கிறது. அப்புறம் எங்கே இடிக்கிறது?

முதலில், இந்த இரண்டு சொற்களும் குர்ஆனில் கிடையாது. அறிஞர்கள் உருவாக்கிய வகைப்பாடு இது. அதிலும் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. பத்து வருட வரம்பை ஹனஃபிகள் ஏற்கவில்லை. தேவையைப் பார்த்து ஆட்சியாளர் முடிவு செய்யலாம் என்றார்கள்.

இரண்டாவது, நூபியா. எகிப்தைப் பிடித்த அரபுப் படையால் தெற்கே இருந்த இந்தக் கிறிஸ்தவ நாட்டை வெல்ல முடியவில்லை. 652-ல் 'பக்த்' என்ற ஒப்பந்தம் வந்தது. அங்கிருந்து அடிமைகள், இங்கிருந்து தானியம் முதலானவை. அழகான ஒப்பந்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடையிடையே மோதல்கள் இருந்தும் ஏறத்தாழ 600 வருடம் நின்றது! கத்தூரி இதை மறைக்கவில்லை. எத்தியோப்பியா, சைப்ரஸோடு சேர்த்துத் தனி வகை என்று ஓரமாக வைத்துவிடுகிறார். எங்கள் தொழிலில், ஒரு எக்செப்ஷன் இத்தனை காலம் புரொடக்‌ஷனில் ஓடினால் அதற்கு எக்செப்ஷன் என்று பெயர் இல்லை. ஸ்பெக்கைத் திருத்துங்கப்பா என்போம்.

மூன்றாவது, 'அமான்' என்கிற அடைக்கலம். ஒரு சாதாரண முஸ்லிம், பெண்ணாக இருந்தாலும், எதிரி நாட்டுக்காரர் ஒருவருக்கு அமான் கொடுத்தால் அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். திருப்பியும் அப்படியே. அமான் வாங்கிக்கொண்டு தாருல் ஹர்புக்குப் போன முஸ்லிம் வணிகர் அங்கே திருடக் கூடாது, துரோகம் செய்யக் கூடாது. 8-ஆம் நூற்றாண்டின் ஷைபானி இதையெல்லாம் விரிவாகப் பேசுகிறார். அந்த நூலை 1966-ல் ஆங்கிலத்தில் தந்தவரும் கத்தூரியேதான். போர்தான் இயல்பு என்றால், எதிரி ஊரில் கொடுத்த வாக்குக்கு இத்தனை பூட்டு எதற்கு?

இதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் முடியவில்லை. சிரியாவின் வஹ்பா ஸுஹைலி போன்றவர்கள் சமாதானம்தான் அடிப்படை, போர் தற்காப்புக்கு மட்டும் என்கிறார்கள். இன்றைக்குத் தேவையான வாதம்தான். ஆனால் பழைய அறிஞர்களும் அதையேதான் சொன்னார்கள் என்றால் நிற்காது. எல்லை தாண்டிய படையெடுப்பை அவர்கள் கடமையாகவே எழுதியிருக்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. இரண்டு உலகப் படத்தைக் காட்டி ஆள் சேர்க்கும் ஆயுதக் குழுவும், அதே படத்தைக் காட்டி 'இவங்களோட ஒப்பந்தமே போட முடியாது' என்பவரும் ஒரே பக்கத்தைத்தான் கிழித்து வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் நூபியா தேவைப்படுவதில்லை.

கத்தூரியைப் படியுங்கள். கூடவே அவர் மொழிபெயர்த்த ஷைபானியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகத்துக்கு நல்ல மறுப்பு இரண்டாவதில் இருக்கிறது.