அபார்த் சைலன்சர்

1957-இல் வந்த ஃபியட் 500-இன் பின்புறத்தில் இருப்பது இரண்டே சிலிண்டர், 479 சிசி. சத்தம் தையல் மெஷினுக்கு அண்ணன், அவ்வளவுதான். வியன்னாவில் பிறந்து இத்தாலியில் சின்னக் கார்களுக்கு முறுக்கேற்றிய கார்லோ அபார்த், 1949-இல் தொடங்கிய தன் நிறுவனத்தில் சைலன்சரும் செய்து விற்றார்.

சாதாரண சைலன்சருக்குள் தடுப்பறைகள் இருக்கும். புகை முட்டித் திரும்பித் திரும்பி வெளியேறும், சத்தமும் அங்கேயே அடங்கும். அபார்த் வைத்ததோ துளைகள் போட்ட நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடி நார். கீச்சென்ற ஒலியை நார் விழுங்கிவிடும். கனத்த அடிக்குரல் மட்டும் தப்பி வரும். குதிரைத்திறன் கூடுவது சொற்பமே. ஓட்டுகிறவருக்கு அதுவா முக்கியம்?

சைலன்சரையே கழற்றி எறிந்துவிட்டு நள்ளிரவில் தெருவை எழுப்புகிறவர்களை இந்த அடிக்குரல் ரசனையில் நான் சேர்க்கமாட்டேன்.