குதிகாலை அறிந்த கட்டைவிரல்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே ஆணி குத்தியதுபோல் சுரீரென்று வலிக்கும். நாலு எட்டு நடந்ததும் சற்று மட்டுப்படும். இத்தகைய குதிகால் வலிக்குப் பெரும்பாலும் காரணம் பிளாண்டார் ஃபேசியா. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள்வரை விசிறிபோல் விரியும் தடித்த நார்ப்பட்டை அது. பலரும் எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளின் மீது பழி போடுகிறார்கள். ஆனால் முள் இருந்தும் வலியே இல்லாத குதிகால்கள் ஏராளம்.

கைதேர்ந்த பிசியோதெரபிஸ்ட் நேராக வலிக்கும் இடத்துக்குப் போய்விடுவதில்லை. முதலில் கெண்டைக்கால். அங்கே தசை இறுகினால் பாதப்பட்டையின் மேல் பளு கூடும். அவரது கைக் கட்டைவிரல் அந்தத் தசையை அழுத்தியபடி நகர்ந்து, இறுக்கம் தட்டுப்படும் இடத்தில் நின்று, அது இளகும்வரை பொறுத்திருக்கும். அந்தப் பொறுமைதான் இந்தக் கலையின் அழகு.

பிறகு பாதம். ஒரு கை கால்விரல்களை மேல்நோக்கி வளைக்க, உள்ளங்காலில் பட்டை கயிறுபோல் விறைத்து எழும். விரல்கள் வளையும்போது பட்டை இறுகிப் பாத வளைவு உயர்வதை 1954இல் ஆய்வாளர் ஜே. எச். ஹிக்ஸ் விளக்கினார். விறைத்த பட்டையின் நெடுக மற்றொரு கையின் விரல் முட்டி மெல்ல ஊர்ந்து செல்லும். எண்ணெய் சில துளிகள் போதும். அதிகமானால் விரல் வழுக்கிவிடும், திசுவின் பிடிப்பு தெரியாது. நோயாளி பல்லைக் கடித்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

கைச்சிகிச்சையோடு வீட்டில் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சியும் வேண்டும். வீக்கம், மரத்துப்போதல், குதிகாலை இருபுறமும் அழுத்தினால் கடும் வலி ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கும் இது பொருந்தும்.