பூட்டு இருக்கு, ஆனா பூட்டாது: லூப் டிவைஸ் மீது மூன்று புகார்கள்

உபுண்டுவில் டிஸ்க் பட்டியலை எடுத்தால் லூப்0, லூப்1 என்று வரிசையாக வரும். ஸ்நாப் வழியாக நிறுவிய ஒவ்வொரு மென்பொருளும் ஒரு கோப்பு. அந்தக் கோப்பை ஒரு டிஸ்க் போல மாட்டிக் காட்டுவதுதான் லூப் டிவைஸ். 1993-ல் தியோடர் ட்சோ எழுதியது. ஐஎஸ்ஓ கோப்பை சிடி இல்லாமல் திறக்கவும் இதுதான் வழி.

2011 முதல் தமிழக அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்களில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி லினக்ஸுக்குள் வந்தவர்கள், எங்கேயோ பார்த்த நாலு கட்டளையை ஒட்டித்தான் வேலை பார்ப்பார்கள். அவர்களிடம் இந்தக் கருவி நியாயமாக நடந்துகொள்கிறதா? இல்லை என்பதே என் கருத்து.

முதல் புகார்: ஒரே கோப்பை லோசெட்டப் கட்டளையால் இரண்டு லூப்களில் மாட்டலாம், தடுக்காது. இரண்டையும் மவுன்ட் செய்து எழுதினால் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் நாசம். இதைத் தடுக்க "நோஓவர்லாப்" என்ற ஆப்ஷன் உண்டு, ஆனால் நாமாகக் கேட்டால்தான் வேலை செய்யும். திண்டுக்கல் பூட்டை வாங்கி ஆணியில் தொங்கவிட்டு, கதவைத் திறந்து போட்ட கதை. ஒரே கோப்பின் வெவ்வேறு பகுதிகளை மாட்டுவதற்கு நியாயமான தேவை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பகுதியை, எழுதும் அனுமதியோடு, ரெண்டு தடவை மாட்ட யாருக்குத் தேவை?

இரண்டாவது: கழற்றுவது. லினக்ஸ் 3.7-லிருந்து, பயன்பாட்டில் இருக்கும் லூப்பைக் கழற்றச் சொன்னாலும் பிழை வராது. "அப்புறம் கழற்றிக்கிறேன்" என்று குறித்து வைத்துக்கொண்டு, நம்மிடம் வெற்றி என்கிறது. அதை நம்பி பென்டிரைவைப் பிடுங்கினால் எழுதாத டேட்டா போச்சு. முதலில் அன்மவுன்ட், பிறகு கழற்று, கடைசியில் பட்டியலில் இல்லை என்று பார். இந்த வரிசை மாறக்கூடாது.

மூன்றாவதுதான் நுட்பமானது. ட்ரங்கேட் கட்டளையால் 20 ஜிபி கோப்பு செய்தால் அது பெயருக்குத்தான் 20 ஜிபி. வெளி டிஸ்க் நிரம்பினால், உள்ளே இடம் காலியாகத் தெரியும்போதே எழுத்துப் பிழை வரும். சரி, ஃபால்லோகேட் போட்டு இடத்தை முன்பே பிடிக்கலாம் என்பார்கள். பிடித்த பிறகு இஎக்ஸ்டி4 ஃபார்மட் செய்தால், அது வழக்கமாக அனுப்பும் "டிஸ்கார்ட்" கோரிக்கையை லூப் ஏற்றுக்கொண்டு, பிடித்த இடத்தை மறுபடி ஓட்டையாக்கிவிடும்! ஃபார்மட் செய்யும்போது "நோடிஸ்கார்ட்" கொடுத்தால்தான் இடம் நிற்கும்.

லூப் மோசமான கருவி என்று சொல்ல வரவில்லை, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் மூன்று இடத்திலும் ஆபத்தான வழிதான் இயல்பான வழியாக இருக்கிறது, பாதுகாப்பான வழிக்கு மேனுவல் படிக்க வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்தவருக்கு அது ஒரு வரி கூடுதல். தெரியாதவருக்கு அவர் சேமித்த எல்லாமே.