காலந்தாழ்த்திக் கணிக்கும் பொறி: ஒரு திறனாய்வு

மடியின்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், தாழ்த்துச் செய்யத்தக்க வினையைத் தாழ்த்துச் செய்யுமாறும், தாழ்த்தலாகாததைத் தாழ்த்தாது செய்யுமாறும் பகுத்துரைத்தார். மடி வேறு, காலமறிந்து தாழ்த்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும். கணினித் துறையில் ஆங்கிலத்திற் ‘சோம்பல்’ என்னும் அடைமொழி பெற்ற கணிப்பு முறையொன்றை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. அப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் ‘சோம்பல் மதிப்பீடு’ என வழங்குவோர் உளர். அது தமிழ் வாயிலாகக் கற்கும் மாணவனை முதலடியிலேயே வழிதவறச் செய்யும். சோம்பியிருக்கும் பொறி எளிது. இப்பொறியோ கணிதவறிஞர் பலரை அரை நூற்றாண்டு வருத்தியது.

நிரலை ஏவல்களின் வரிசையாக எழுதாது, கணிதத்திற் பயிலும் சார்புகளின் தொகுதியாக எழுதுதற்கு அமைந்தவை சார்புநிரல் மொழிகள். இவற்றில் ஒரு கோவையின் பெறுமானம் எப்பொழுது காணினும் ஒன்றே. ஆதலின் அதனை இப்பொழுதே காணவேண்டும் என்னும் கட்டாயமில்லை. இரண்டு கோவைகளை ஏற்று முதலாவதையே விடையாகத் தரும் சார்பொன்றைக் கொள்க. இரண்டாவது முடிவின்றி நீளும் கணக்காயினும், தாழ்த்திக் கணிக்கும் பொறி அதனைத் தொடாது விடையை ஈயும். ஏனைய பொறியோ அதிலே சிக்கி நின்றுவிடும். முடிவில்லாத எண்தொடரை எழுதிவைத்து, அதில் வேண்டிய பத்தை மட்டும் எடுத்தலும் இதனாலேயே இயலும்.

முறையின் நுட்பத்தைக் கல்முனைக் கடைத்தெருவிற் காணலாம். நெற்செய்கைக்காரர் அறுவடையிற் கொடுப்பதாகக் கூறிக் கடனுக்குப் பொருள் பெறுவர். கணக்கெழுதுபவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு எழுதிக் கம்பியிற் குத்தி வைப்பார். கூட்டுத்தொகையை யாரேனும் கேட்டாலன்றி அவர் கூட்டுவதில்லை. கேட்ட பொழுது கூட்டியவர், தொகையை எழுதிவைக்காது விட்டால், மறுமுறை கேட்பார்க்கும் முதலிலிருந்தே கூட்டவேண்டும். 1960இல் உருவான அல்கோல் மொழியின் ‘பெயரால் அழைத்தல்’ என்னும் வழி இவ்வாறே அமைந்தது. தாழ்த்தல் அங்கே இருந்தது, நினைவு இல்லை. கேட்டபொழுது ஒருமுறை கூட்டித் தொகையைத் துண்டின் தலையில் எழுதிவிடுவதே திருத்தம். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் 1971இல் வாட்ஸ்வேத் தம் ஆய்வேட்டில், கோவையை எழுத்து வரிசையாகவன்றிக் கிளைகள் கூடும் வரைபாகக் கொண்டு இதற்கு வழிகாட்டினார். 1976இல் ஹென்டர்சனும் மொறிஸும் ஒரு கட்டுரையிலும், பிரீட்மனும் வைஸும் வேறொரு கட்டுரையிலும் இம்முறையைத் தனித்தனியே நிலைநாட்டினர். தாழ்த்தலும் நினைவும் ஒருங்கே அமைந்தாலன்றி இம்முறை சிக்கனமாகாது. அதன் புகழைப் பாடுவோர் முன்னதையே பாடிப் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

இப்பொறியை அமைத்தோருள் டேவிட் ரேணர் தனியிடம் பெறுவர். 1979இல் வெளியான அவர் கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. மாறிகளைக் கையாள்வதே பொறிக்குப் பெருஞ்சுமை என்று கண்ட அவர், மாறிகளையே நீக்கிவிட்டார். அதற்கு அவர் எடுத்த கருவி புதிதன்று. மோசஸ் ஷோன்பிங்கல் என்னும் அறிஞர் தருக்கவியலின் பொருட்டு 1924இல் வெளியிட்ட இணைப்பான்களே அவை. ‘ஐ’ என்பது கொடுத்ததையே திருப்பித் தரும். ‘கே’ இரண்டை ஏற்று முதலாவதைத் தரும். ‘எஸ்’ என்பது அ, ஆ, இ என்னும் மூன்றை ஏற்று, இ என்பதை அ, ஆ இரண்டுக்கும் கொடுத்து, முன்னதன் விளைவைப் பின்னதன் விளைவின்மேற் செலுத்தும். ஓர் எண்ணை அதனோடே கூட்டும் சார்பை ‘எஸ் கூட்டு ஐ’ என்று எழுதலாம். அதற்கு 5ஐக் கொடுத்தால் அது ‘கூட்டு 5 (ஐ 5)’ என விரிந்து 10 ஆகும். மாறி எங்கே போயிற்று என்று மாணவன் வியப்பான், வியக்கட்டும். 5 என்பதன் இடத்தில் நீண்டதொரு கோவை நின்றிருப்பினும், வரைபில் அது ஒன்றே. இரு கிளைகளும் அவ்வொன்றையே சுட்டும். ஒரு கிளை அதன் பெறுமானத்தைக் கண்டவுடன் அது அவ்விடத்திலேயே எழுதப்படும்; மற்றக் கிளைக்கு உழைப்பில்லை.

அழகிது எனினும் குறையற்றதன்று. பல மாறிகளையுடைய சார்பை இவ்வாறு பெயர்க்குமிடத்துக் கோவை பன்மடங்கு பெருக்கும். ரேணரே இதனை உணர்ந்து வேறு சில இணைப்பான்களையும் சேர்த்து வளர்ச்சியை ஒருவாறு தடுத்தார். அடிதோறும் எடுத்துவைக்கும் எட்டு மிகச் சிறிதாதலின், இடைநிலைக் கோவைகள் தோன்றித் தோன்றி மறைந்தன. பின்வந்தோர் நிலையான சில இணைப்பான்களை விடுத்து, நிரலின் ஒவ்வொரு சார்பிலிருந்தும் அதற்கேற்ற பேரிணைப்பான்களை ஆக்கினர். சுவீடனில் ஓகஸ்ற்சனும் ஜோன்சனும் அவற்றை நேரே பொறியின் கட்டளைகளாக்கினர். ஜோன்சனின் கட்டுரை 1984இல் வந்தது. வேகம் மிகுந்தது. ரேணரின் பொறியைத் தாளிலே நடத்திப் பார்க்கலாம். பின்னவற்றை அவ்வாறு பார்த்தல் அரிது. இவ்விழப்பைப் பொருட்படுத்துவார் சிலரே.

வேகத்திலும் பெரிய குறை வேறொன்றுண்டு. 1 முதல் 10 இலட்சம் வரையுள்ள எண்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக் கூட்டுமாறு நிரல் எழுதினால், தாழ்த்தும் பொறி முதலில் எதனையும் கூட்டாது. 0 உடன் 1, அதனுடன் 2, அதனுடன் 3 என நிறைவேறாத துண்டுகளைக் கோத்துக்கொண்டே போகும். ஓர் எண்ணை வைக்கப் போதிய இடமிருந்தும், 10 இலட்சம் துண்டுகள் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். பெரும்போக அறுவடை வரை கூட்டாது விட்ட கடைக்காரரின் கம்பி இதுவே. நிரலை எழுதியவன் எழுத்தில் எப்பிழையும் காணான், விடையும் பிழையாகாது, இடமில்லாமற் பொறி நின்றுவிடும். நிரலின் பொருளைக் காட்டும் மொழி, அதன் செலவை மறைத்துவிடுகின்றது. இம்மொழிகளின்மேற் சாட்டப்படும் குற்றங்களுள் இஃதொன்றே வலியது.

இதற்கு மருந்து, எதனைத் தாழ்த்தலாகாது என்று முன்னரே அறிதல். கூட்டுத்தொகை எவ்வாறாயினும் இறுதியில் வேண்டப்படுமெனின், அதனை உடனே காணுதலால் இழப்பில்லை. இவ்வாறு கண்டறியும் வழியை மைக்றொவ்ற் 1980இல் வகுத்தார். எல்லா நிரலுக்கும் இதனைப் பிழையின்றித் தீர்மானிக்கும் பொதுவழி இல்லை. 1936இல் ரியூறிங் நிறுவிய உண்மையின் விளைவு அது. எனவே ஆய்வு ஒருபக்கமாகவே அமையும். ஐயமற்ற இடத்தில் உடனே கணிக்கும். ஐயமுள்ள இடத்தில் தாழ்த்தும். 1990இல் வெளியான ஹஸ்கல் மொழி இத்தகைய ஆய்வுக்குப் பெருங்களமாயிற்று. எஞ்சியதை நிரலாசிரியனே குறித்துக் காட்டவும் அது இடந்தருகின்றது. தாழ்த்தலின் பெருமைக்கென எழுந்த மொழி, தாழ்த்தாமைக்கும் ஒரு குறி வேண்டிற்று என்பதைத் தோல்வியெனக் கொள்வார் உளர். அது முதிர்ச்சி. தக்கதும் தகாததும் இன்னவெனப் பொறியே முற்றும் அறியும் என்று முதலில் நம்பியதே மிகை.

தமிழகத்தில் மாதவன் முகுந்தும் சுரேஷும் ஹஸ்கலைக் கொண்டு இத்துறையை இணையவழிப் பாடமாகவும் நடத்தியுள்ளனர். இக்கரையில் 1996 முதற் பல்கலைக்கழகமாய் விளங்கும் ஒலுவிலின் மாணவர்க்கும் வழி அடைபடவில்லை. ரேணர் 2023இல் மறைந்தார். அவர் 1985இல் வெளியிட்ட மிராண்டா மொழியின் மூலநிரல் இன்று யாவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. அதனைத் தொடுமுன் ‘எஸ் கே கே’ என்னும் கோவைக்கு ஏதேனும் ஓர் எண்ணைக் கொடுத்து, இரண்டே வரியில் தாளிலே சுருக்கிப் பார்த்தால், ‘ஐ’ என்னும் இணைப்பான் ஏன் மிகையானது என்பது புலனாகும்.