அக்டோபர் மாதத்துச் சொற்கள்

ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்கு அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் அக்டோபர் என்றாலே பேய்ச் சொற்கள்தான். 31ஆம் தேதி பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் விழா. கோஸ்ட், விட்ச், வாம்பயர், ஸ்கெலிட்டன், பம்ப்கின் என்று ஒரு பட்டியல். அதைக் கற்பிக்க பிங்கோ, ஜோடி அட்டை, சொல்தேடல், ஹேங்மேன் ஆட்டங்கள்.

இந்த வழக்கத்தை ஒதுக்கிவிட எனக்கு மனம் இல்லை. மொழி புரியாத ஊருக்கு வந்த குழந்தை வகுப்பில் வாய் திறக்கவே மாதக்கணக்கில் தயங்குவதுண்டு. ஆட்டத்தில் தன் முறை வந்தால் பேசியாக வேண்டும். தப்பாகச் சொன்னாலும் ஆட்டம் தொடரும். பதற்றம் மொழி கற்பதற்குத் தடை என்று மொழியியலாளர் ஸ்டீவன் க்ராஷன் 1980களில் வலியுறுத்தியதை இங்கே கண்ணால் பார்க்கலாம். இன்னொரு பெரிய பலம், சொல்லுக்கு உடனே வேலை இருப்பது. பகலில் பழகிய ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’டை மாலையில் அக்கம்பக்கத்து வாசலில் நின்று சொன்னால் கையில் மிட்டாய் விழுகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் ஆங்கிலம் செல்லுபடியாவதைக் குழந்தை அன்றே அறிகிறது. ஜப்பானின் ஆங்கில வகுப்புகளிலும் ஹாலோவீன் விளையாட்டுகள் உண்டு. வீடு வீடாகப் போகும் வழக்கம் அங்கே பரவலாக இல்லாததால் சொற்கள் பெரும்பாலும் வகுப்போடு நின்றுவிடுகின்றன.

கோளாறு அந்தச் சொற்பட்டியலில் இருக்கிறது. ஒரே வகைப் பெயர்ச்சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்று ஆய்வாளர் தாமஸ் டிங்கம் 1993இல் காட்டினார். 1997இல் ராப் வேரிங் என்ற ஆய்வாளர் ஜப்பானிய மாணவர்களை வைத்துச் சோதித்தபோதும் அதேதான் தெரிந்தது. பிற்கால ஆய்வுகளில் சில இதை ஏற்கவில்லை. ஆனாலும் விட்ச், கோஸ்ட், வாம்பயர், ஸோம்பி நான்கையும் ஒரே நாளில் திணிப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. பம்ப்கின், கேண்டில், கார்வ், ஸ்கேரி என்று ஒரு காட்சியிலிருந்து பெயரும் வினையும் பண்பும் கலந்து எடுப்பதே நல்லது. ஸ்கேரி என்ற சொல் ஆண்டு முழுவதும் பயன்படும்; சூனியக்காரியின் கொப்பரையைக் குறிக்கும் கால்ட்ரன் என்ற சொல்லைக் குழந்தை அடுத்த அக்டோபர் வரை கேட்காமலே போகலாம்.

ஆட்டங்களும் ஒரே தரமல்ல. சொல்தேடலில் பொருள் தெரியாமலே எழுத்துகளை வட்டமிட்டு முடித்துவிடலாம். நேரம் போகும், அவ்வளவுதான். பிங்கோவில் அழைப்பவர் மட்டும்தான் பேசுகிறார், மற்றவர்கள் கட்டத்தை மூடுகிறார்கள். அழைக்கும் வேலையை ஆசிரியர் குழந்தைகளிடம் கொடுத்து, பேட் (வௌவால்) என்று பெயரைச் சொல்லாமல் ‘இரவில் பறக்கும்’ என்று ஆங்கிலத்தில் விவரிக்கச் சொன்னால் அதே அட்டை முழு வாக்கியங்களைப் பிறப்பிக்கும். தவறான எழுத்துக்கெல்லாம் தூக்கில் தொங்கும் மனிதனைச் சிறிது சிறிதாக வரையும் ஹேங்மேன் எழுத்துக்கூட்டலைத் தாண்டுவதில்லை. போர் நடந்த நாட்டிலிருந்து வந்த குழந்தையின் முன் தூக்குமரத்தை வரைவதும் தகாது. எலும்புக்கூடும் கல்லறையும் எல்லாருக்கும் வேடிக்கை ஆகிவிடாது.

யெகோவாவின் சாட்சிகள் போன்ற சில சமயத்தார் இந்த விழாவைக் கொண்டாடுவதில்லை. அந்த வீட்டுக் குழந்தையைத் தனியே நூலகத்துக்கு அனுப்பிவிட்டு ஆட்டம் நடத்துவது, மொழிப் பயிற்சி மிகவும் தேவைப்படும் குழந்தையிடமிருந்தே அதைப் பறிப்பதாகும். பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் வகுப்பு முழுவதற்குமே லீஃப், ஹார்வெஸ்ட், விண்ட், ஸ்குவிரல் என்று இலையுதிர்காலச் சொற்களை அட்டையில் ஏற்றலாம். ஆட்ட விதிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.