தோம்பும் அம்மானையும்: பால்தேயசின் நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தை ஆராயப் புகுவோர் எவரும் பிலிப்பஸ் பால்தேயசின் நூலைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. 1658இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதன் பின் இங்குப் பணியாற்றிய சீர்திருத்தத் திருச்சபைக் குரு இவர். மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியன பற்றிய இவரது பெருநூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. தெல்லிப்பளை, மல்லாகம், சங்கானை, பண்டத்தரிப்பு, சாவகச்சேரி என ஊர்தோறும் இருந்த தேவாலயங்களையும் பாடசாலைகளையும் இந்நூல் விவரிக்கின்றது. சிலவற்றைச் சித்திரமாகவும் தருகின்றது. நம் ஊர்ப் பெயர்களை இத்துணைப் பழைய ஐரோப்பிய நூலொன்றிற் காணும்போது மகிழ்ச்சி பிறப்பது இயல்பே. எனினும் அம்மகிழ்ச்சி திறனாய்வின் இடத்தைப் பிடித்துவிடலாகாது.

இந்நூல் எந்த ஆட்சியின் நிழலில் எழுந்தது என்பது முதலில் மனங்கொளத்தக்கது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானதைத் தொடர்ந்து, மக்களுட் பெரும்பாலோர் பெயரளவிலேனும் கத்தோலிக்கராயினர். ஒல்லாந்தர் அக்கோயில்களைத் தமதாக்கிச் சுரூபங்களை அகற்றினர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. அரச உத்தியோகம் பெறுதற்கும் திருமணம் சட்டப்படி செல்லுபடியாதற்கும் சீர்திருத்தத் திருச்சபையே வாயிலாயிற்று. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன; பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் இறுத்தனர். குருமாரோ கம்பனியிடம் வேதனம் பெற்ற ஊழியர். ஆதலின் இங்கு நிகழ்ந்த சமயச் சீர்திருத்தம் நிருவாகத்தின் ஓர் உறுப்பே எனலாம்.

பால்தேயஸ் காலத்துக் கணக்கின்படி 1663இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் தொகை 62,558. ஏறத்தாழ நூறாண்டுகளின் பின், 1760இல், அத்தொகை 1,82,226 ஆக உயர்ந்தது. ஆயின் அவ்வாண்டில் திருச்சபையின் முழு உறுப்பினராகக் கொள்ளப்பட்டோர் 64 பேர் மட்டுமே! இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தூரமே ஒல்லாந்தர் சீர்திருத்தத்தின் உண்மை வரலாறு. விரதமிருந்து உண்ட வாழையிலையைக் கூரையிறப்பில் மறைத்துவைத்த கதை யாழ்ப்பாணத்தில் இன்றும் செவிவழியாக வழங்குகின்றது. தோம்பு எழுதியவன் கண்ணிற் படாதது அந்த இலை. பால்தேயசின் நூலை அந்த இலையையும் நினைவிற்கொண்டே படித்தல் வேண்டும்.

'போர்த்துக்கேயரும் அரச பலத்தாலன்றோ மதம் பரப்பினர்?' என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் அக்காலத்திலேயே கத்தோலிக்கம் தமிழ் மக்களின் கலைவடிவங்களுட் புகுந்துவிட்டது. ஞானப்பள்ளும் சந்தியோகுமையோர் அம்மானையும் இதற்குச் சான்று. பள்ளும் அம்மானையும் பாடுவதற்கும் கேட்பதற்கும் உரியவை. தோம்பிற் பெயர் இருத்தல் அவற்றுக்கு வேண்டியதில்லை. 1658இல் அரச ஆதரவு நீங்கியபோதும் ஒரு பகுதி மக்களிடையே அச்சமயம் நிலைத்தது. 1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவாஸ் அடிகளாருக்குச் சில்லாலை புகலளித்தது. பின்வந்த சாங்கோபாங்க அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றி அம்மக்களின் பத்தியை வளர்த்தார். 1806இலேயே கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கிலேயர் நீக்கினர். அதுவரை அந்நம்பிக்கையைக் காத்தது எந்த அரசாங்கமும் அன்று.

இதனால் ஒல்லாந்தர் தமிழுக்கு ஏதும் செய்திலர் என்பது பொருளாகாது. 1690இல் நல்லூரிற் குருமடம் நிறுவப்பட்டது. பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழ்க் குரு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது. ஐரோப்பாவின் அயர்லாந்தோடு ஒப்பிடின் இதன் சிறப்பு விளங்கும். பெரும்பாலும் கத்தோலிக்கராயிருந்த அம்மக்கள் மீது 1560இல் ஆங்கில அரசு புரட்டஸ்தாந்து வழிபாட்டைச் சட்டத்தால் விதித்தது. ஐரிஷ் மொழியிற் புதிய ஏற்பாடு அச்சாக மேலும் நாற்பதாண்டுகள் சென்றன. அவ்வகையில் ஒல்லாந்தர் மக்கள் மொழியின் தேவையை உணர்ந்தோரே. ஆயினும் மனப்பாடம் செய்த வினாவிடையும் தண்டப்பணமும் ஒரே பாடசாலையில் இருந்தமையால், மொழி சென்ற இடத்திற்கு நம்பிக்கை செல்லவில்லை.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றதும் தோம்பிலிருந்த பல்லாயிரவர் தத்தம் பழைய கோயில்களை நாடினர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பளையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்த பழைய தேவாலயங்களிலேயே தம் பணியைப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது. பால்தேயஸ் பெருமிதத்துடன் விவரித்த கோயில்கள் அவை.

ஆகவே பால்தேயசின் நூலை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆட்சியொன்று தன் குடிகளை எவ்வாறு காண விரும்பியது என்பதற்கு அது ஈடற்ற சான்று. அக்குடிகள் எதை நம்பினர் என்பதற்கு அதனைச் சான்றாக்குவதே பிழை. அதற்கு நாம் அம்மானை பாடியோரிடமும் இலையை மறைத்தோரிடமும் செல்லல் வேண்டும். அரசாங்கப் பதிவேடுகளை மட்டும் கொண்டு எழுதப்படும் எந்த மக்கள் வரலாறும் முழுமை பெறாது என்பதே இந்நூல் நமக்குக் கற்பிக்கும் பாடம்.